பேர் வைக்கும் முன் கைகொடுப்போம்



மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் வீதியில் இருக்கிற ஊர் உயிலங்குளம். மடுத் திருவிழாவுக்குப் போய் அப்படியே மன்னாரையும் பார்த்து வந்தவர்கள் இந்த ஊரைக் கடந்திருப்பீர்கள். இந்தப் பக்கத்துக்கும் நம் லயங்களுக்கும் பழைய உறவு உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில், 1830-களுக்குப் பின், நம் முன்னோரில் பெருந்தொகையானோர் மன்னார்க் கரையில்தான் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். காலரா, காய்ச்சல், பசி என்று ஏராளமானோர் வழியிலேயே மாண்டார்கள். நடக்க முடியாமல் விழுந்தவர்களை விட்டுவிட்டுப் போனதும் உண்டு.

வேதாகமத்திலும் இப்படி ஒரு வழி வருகிறது (லூக்கா 10). எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்வர்கள் அடித்துப் போட்டார்கள். குரு ஒருவர் பார்த்தும் விலகிப் போனார்; லேவியரும் அப்படியே. நின்றவன் ஒரு சமாரியன். யூதர்கள் மதிக்காத இனத்தான் அவன். "இந்த வழியில் தனியாக வரலாமா? உன் மேலதான் பிழை" என்று அவன் விசாரணை நடத்தவில்லை. காயத்துக்கு எண்ணெயும் திராட்சை ரசமும் வார்த்துக் கட்டினான். தன் மிருகத்தின் மேல் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கு இரண்டு வெள்ளிக் காசும் கொடுத்தான்.

கெட்ட பேர் வைக்கப்பட்டவன்தான் அங்கே அயலானாக நின்றான் என்பதைக் கவனியுங்கள். பேர் வைக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பலரை நாடற்றவர் ஆக்கியது. 'கள்ளத்தோணி' என்றார்கள். 1964-ல் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் குடும்பங்கள் பிரிந்து தலைமன்னாரில் கப்பல் ஏறின. 1977 வன்செயலுக்குப் பின் வன்னிக்குப் போய்க் குடியேறியவர்களை அங்கேயும் சிலர் 'தோட்டக்காட்டான்' என்றார்கள். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது. இப்படிப் பேர் வைத்தவர்கள் நம் கதையைக் கேட்கவில்லை.

அதையே நாம் நம் லயத்துக்குள் செய்யலாமா? ஒருத்தி மூன்று நாள் பெரட்டுக்கு வரவில்லை என்றால் பீலிக்கரையில் உடனே தீர்ப்பு: "சோம்பேறி." ஒருவன் கடனில் விழுந்தால், "குடிகாரன், அவனுக்கு அப்படித்தான் வேணும்." ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டால், "தாய் சரியில்லை." அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? உள்ளே காய்ச்சலில் ஒரு பிள்ளை கிடக்கலாம். அடுப்பு எரியாமலும் இருக்கலாம். தன் கண்ணில் மரத்துண்டு கிடக்க, அடுத்தவர் கண்ணில் இருக்கிற தூசியை எடுக்கப் போகாதே என்ற கருத்தை இயேசு சொன்னதும் இதற்காகத்தான் (மத்தேயு 7).

ஒன்றை மறக்க வேண்டாம். அன்பு காட்டுவது என்றால் அநியாயத்தை மூடி மறைப்பது அல்ல. மனைவியை அடித்தால், பிள்ளைக்குத் தீங்கு நடந்தால், பேசாமல் இருப்பது பாவம். உடனே நலன்புரி அலுவலரிடமோ பொலிசிலோ சொல்ல வேண்டும். அது கஷ்டப்படுகிறவரைக் காப்பாற்றச் சொல்வது. பீலிக்கரையில் பேசுவது ஆளைக் கீழே தள்ளத்தான்.

ஆகவே இந்த மாதம் ஒரு பழக்கத்தைத் தொடங்குவோம். ஒருவரைப் பற்றிக் குறை சொல்ல வாய் வரும்போது, முதலில் அந்த வீட்டுக்கு ஒருதரம் போவோம். ஒரு குடம் தண்ணீரோ, ஒரு சுண்டு அரிசியோ, ஆஸ்பத்திரிக்குத் துணையோ, முடிந்ததைக் கொடுப்போம். போய் வந்த பிறகும் குறை சொல்லத் தோன்றுகிறதா என்று பார்ப்போம்.

கூடிப் பேசுவதற்கு:

1. சமாரியன் கேட்காமல் விட்ட கேள்விகள் எவை?
2. நம் லயத்தில் யாருக்குப் பட்டப்பேர் வைத்திருக்கிறோம்? அவர் வீட்டு நிலைமை நமக்குத் தெரியுமா?
3. இந்த வாரம் யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறோம்?