ஊழியரின் உடலும் ஓர் அமானத்

எங்கள் கடையில் பதினெட்டு வருடமாகக் கல்லாவில் இருக்கும் நாநாவுக்குச் சென்ற வருடம் கால் விரலொன்றை அகற்ற வேண்டி வந்தது. சீனி வருத்தம், காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை. காலையில் கதிரையில் அமர்ந்தால் தொழுகைக்கு மட்டுமே எழும்புவார். சாப்பாடும் அங்கேதான். அவரை அலைய விடாமல் வைத்திருப்பதை நான் உபகாரம் என்றே எண்ணியிருந்தேன்.

வைத்தியர் சொன்ன பிறகே என் பிழை விளங்கியது. உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சீனியைப் பெருமளவில் செலவழிப்பவை தசைகள். நடந்தால் தசை அதை எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் இரத்தத்தில் சீனி தேங்கும். நாளடைவில் வயிற்றில் கொழுப்பும் சேரும்.

லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்த டாக்டர் ஜெரமி மொரிஸ் 1953இல் ஓர் உண்மையை வெளியிட்டார். உட்கார்ந்து ஓட்டும் சாரதிகளைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கும் கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. வேலையின் அமைப்பே உடலை மாற்றுகிறது.

வெறும் புத்திமதி போதாது. அமெரிக்க மொத்த விற்பனைக் கம்பனியொன்றில் ஒன்றரை வருடம் ஆரோக்கிய வகுப்புகள் நடத்திப் பார்த்தார்கள். ஊழியரின் சீனி, பிரஷர், எடை அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லையென 2019இல் அறிவித்தார்கள். ஆகவே நேரத்தை முதலாளிதான் கொடுக்க வேண்டும்.

எங்கள் கடையில் இப்போது செய்வது இதுதான்:

1. காலையில் 15 நிமிடமும் பகல் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடமும் வேகநடை. வாரத்தில் ஆறு நாட்களுக்கு 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குக் கூறும் குறைந்த அளவும் அதுவே. சம்பளம் வெட்டுவதில்லை.

2. கல்லாவில் இருப்பவரும் சாமான் எடுத்துக் கொடுப்பவரும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள்.

3. வருடத்தில் ஒருமுறை சீனி, பிரஷர் பரிசோதனை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை.

ஏற்கனவே மருந்து பாவிப்பவர்களும் நெஞ்சுவலி உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

நாளுக்கு 25 நிமிடம் நட்டமல்லவா என்பீர்கள். நாநா மூன்று மாதம் வராதபோது கடன் கொப்பியில் எத்தனை கணக்குகள் பிசகின என்பதை நான் அறிவேன். உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். நம்மிடம் வேலை செய்பவரின் உடலுக்கு அந்த உரிமையைத் தடுப்பவர்களாக நாம் இருக்கக் கூடாது.