அகிதா நாய்

காவலுக்கு நாய் வளர்ப்போர் பலர். வளர்க்கும் நெறி அறிந்தோர் சிலர். வலிமை மிக்க நாயைப் பெறுதல் எளிது. அவ்வலிமையை நல்வழியில் நிறுத்துதல் அரிது. இவ்வுண்மையை ஜப்பான் நாட்டு அகிதா நாயின் வரலாறு இனிது விளக்கும்.

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷுவின் வடபகுதியில் அகிதா என்னும் மாநிலம் உள்ளது. மலைகள் செறிந்து, குளிர்காலத்தில் பனி மிகுந்து பெய்யும் நிலம் அது. அங்கு வாழ்ந்த மதாகி என்னும் வேட்டுவர், கரடியையும் காட்டுப்பன்றியையும் மறித்து நிற்கும் துணிவுடைய நாய்களை வளர்த்தனர். அவற்றின் வழிவந்ததே அகிதா நாய்.

ஆண் நாய் தோளளவில் ஏறத்தாழ 67 செ.மீ. உயரமும், பெண் நாய் 61 செ.மீ. உயரமும் உடையன. அகன்ற தலை, சற்றே முன்சாய்ந்து நிமிர்ந்த சிறுசெவிகள், முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் பருத்த வால் ஆகியவை இதன் அடையாளங்கள். புறத்தே முரட்டு மயிரும் அகத்தே மென்மயிருமாக அமைந்த இரட்டைப் போர்வை இதனைக் குளிரினின்று காக்கிறது. வீணே குரைப்பது இதன் இயல்பன்று. வீட்டாரிடம் பேரன்பு காட்டும். அயலாரை ஐயத்துடன் நோக்கும்.

இத்தகைய நாயையும் மனிதர் தம் விளையாட்டு வெறிக்குக் கருவியாக்கினர். அகிதாவைச் சேர்ந்த ஒடாத்தே நகரில் ஒரு காலத்தில் நாய்ச்சண்டை பெருவழக்காக இருந்தது. சண்டையில் வெல்லும்பொருட்டுத் தோசா முதலிய பிற இன நாய்களுடன் இதனைக் கலந்தனர். உருவம் பெருத்தது, பழைய இயல்போ குன்றியது. அந்நிலை கண்டு வருந்திய அறிஞர் சிலர், 1927-ஆம் ஆண்டில் இவ்வினத்தைக் காக்க அந்நகரில் ஒரு சங்கம் கண்டனர். 1931-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு இதனை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது. எனினும், இரண்டாம் உலகப்போரின்போது உணவுப் பஞ்சத்தாலும், தோலுக்காகக் கொல்லப்பட்டமையாலும் மிகச் சிலவே எஞ்சின. எஞ்சியவற்றைக்கொண்டே ஆர்வலர்கள் இவ்வினத்தை மீண்டும் பெருக்கினர்.

இந்நாயின் அன்புக்கு ஹாச்சிகோவின் கதை சான்றாகும். 1923-இல் பிறந்த அந்நாயைத் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்த உயேனோ என்பார் வளர்த்தார். பணி முடிந்து திரும்பும் அவரை ஷிபுயா புகைவண்டி நிலையத்தில் அது எதிர்கொள்ளும். 1925-ஆம் ஆண்டு மே மாதத்தில், பணியிடத்திலேயே அவர் உயிர் நீத்தார். இறப்பு இன்னதென அறியாத நாய், ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்நிலையத்திற்கு வந்து காத்திருந்தது. தொடக்கத்தில் அதனை விரட்டினோரும் உண்டு. பின்னர் அதன் பெருமை நாடெங்கும் பரவ, 1934-இல் அங்கு அதற்குச் சிலை எடுத்தனர். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹாச்சிகோ இறந்தது. போர்க்காலத்தில் உலோகத்திற்காக உருக்கப்பட்ட அச்சிலைக்கு மாற்றாக, 1948-இல் புதிய சிலை நிறுவப்பட்டது.

நாய் தன் கடமையில் தவறவில்லை. வளர்ப்போனின் கடமை யாது? குட்டிப் பருவத்திலேயே மனிதரோடும் பிற நாய்களோடும் பழக்குதல் வேண்டும். இது தன்னெஞ்சப் போக்குடையது. பிற நாய்களோடு எளிதில் பகை கொள்வது. ஆகவே, அடித்து அச்சுறுத்தாமல், பொறுமையோடும் உறுதியோடும் பணிய வைத்தல் வேண்டும். நாள்தோறும் நடத்திச் செல்லுதலும், பொதுவிடங்களில் வாரிட்டுப் பிடித்தலும் இன்றியமையாதன. சங்கிலியில் தனியே கட்டிவிடின், காவல் நாய் கடிநாயாக மாறும். வெப்பம் மிகுந்த ஊர்களில் அதன் அடர்மயிரே அதற்குத் துன்பமாகும் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

ஜப்பானில் 1950-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், நாயைப் பதிவு செய்து ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி இடுமாறு வளர்ப்போரைப் பணிக்கிறது. 1957-க்குப் பின் அந்நாட்டு விலங்குகளிடையே அந்நோய் தோன்றவில்லை. வளர்ப்போர் தத்தம் கடமையைச் செய்தால் ஊர் முழுவதும் நலம் பெறும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வாயில் காக்கும் நாய், வீட்டுக்கு அரண். அதனைக் காக்கும் தலைவனின் பொறுப்பு, ஊருக்கு அரண். நாயின் குற்றமெனக் கூறப்படுவன பல, ஆராயின் அதனை வளர்த்தோனின் குற்றமாகவே முடியும். ஆதலின், நாயைப் பழக்க விழைவோன் முதற்கண் தன்னைப் பழக்கிக்கொள்வானாக.