ஓடுதளம் இருந்தால் விமானம் வந்துவிடுமா?

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. சின்னசேலம், கள்ளக்குறிச்சிப் பக்கம் விமானப் பேச்சை யார் எடுத்தாலும் அது அங்கேதான் போய் நிற்கும். “வெள்ளைக்காரன் போட்ட ரன்வே சும்மாதானே கெடக்கு, நாலு விமானத்த விட்டா என்ன?” என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் படும். தனி மாவட்டம் கேட்டு வாங்கிய ஊர்க்காரர்கள் விமானமும் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசைக்கும் விமானத்துக்கும் நடுவில் கிடக்கிற வேலையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வாக்குறுதிகள் செழிப்பது அந்த இடைவெளியில்தான்.

இன்று சிறு ஊர்களுக்கு வந்துபோகும் ஏடிஆர்-72 விமானம் முழுப் பாரத்தோடு சுமார் 23 டன் இருக்கும். பழைய தளம் அந்த எடையைத் தினமும் தாங்குமா என்று சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஆடு மாடு உள்ளே நுழையாதபடி சுற்றுச்சுவர் வேண்டும். விமானம் இறங்கும்போதும் கிளம்பும்போதும் தீயணைப்பு வண்டி ஆட்களோடு தயாராக நிற்க வேண்டும். இறங்கும் பாதையில் செல்போன் கோபுரமோ உயரமான கட்டடமோ குறுக்கிடக் கூடாது. காற்றின் வேகத்தையும் பார்வைத் தூரத்தையும் அளந்து விமானிக்குச் சொல்ல ஆளும் கருவியும் வேண்டும். இத்தனையும் ஆன பிறகுதான் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ உரிமம் கொடுக்கும். உரிமம் வந்த பிறகும், விமானம் விட ஒரு நிறுவனம் முன்வர வேண்டும்.

இந்தப் படிகளில் தடுக்கி விழுந்த ஊர் ரொம்ப தூரத்தில் இல்லை. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் ஓடுதளம் ஏற்கெனவே இருந்தது. 2017இல், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே நெய்வேலி–சென்னை வழித்தடம் ஏர் ஒடிசா என்ற நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. செய்தித்தாள்களில் தலைப்புச் செய்தியும் ஆயிற்று. அந்த நிறுவனம் நெய்வேலியிலிருந்து ஒரு நாள்கூடப் பறக்கவில்லை.

“உடான் என்றால் எல்லா சீட்டும் 2,500 ரூபாய்” என்பது இன்னொரு நம்பிக்கை. 2016 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கிய திட்டம் இது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள்; அதுவும் பொதுவாக விமானத்தின் பாதி இருக்கைகளுக்குத்தான். மீதி இருக்கைகள் சந்தை விலைக்கே போகும். பாதி இருக்கையை மலிவாக விற்பதால் வரும் நட்டத்தை அரசு மானியமாக ஈடுகட்டும். பெரிய ஊர்களுக்கு இடையே பறக்கும் விமானங்களிடம் வசூலிக்கும் தீர்வையிலிருந்து அந்தப் பணம் வருகிறது. மாநில அரசு தன் பங்குக்கு விமான எரிபொருளின் வாட் வரியை ஒரு விழுக்காடாகக் குறைக்க வேண்டும். போலீஸ் காவலையும் தீயணைப்பையும் கட்டணமில்லாமல் தர வேண்டும். முக்கியமான சங்கதி, மானியம் மூன்றே ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு அந்த வழித்தடம் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

நின்றதா? மத்தியத் தணிக்கைத் துறை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டை முழுசாக முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச்சில் ஓடிக்கொண்டிருந்தவை 54. திட்டம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ரிப்பன் வெட்டிய படம் பேப்பரில் வந்ததும் வேலை முடிந்தது என்று நாம் நினைத்துவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டு முடிவில் என்ன ஆனது என்று எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நமக்குப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. சேலம் விமான நிலையம், நம் ஆட்கள் வாயில் காமலாபுரம் ஏர்போர்ட், திறந்தது 1993இல். சிறிது காலம் என்இபிசி விமானம் வந்தது, நின்றது. 2009இல் கிங்ஃபிஷர் வந்தது, 2011இல் நின்றது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. மானியக் காலம் முடிந்த 2021இல், கொரோனாவும் சேர்ந்துகொள்ள, அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு, கொச்சிக்கும், இண்டிகோ சென்னை, ஹைதராபாத், பெங்களூருக்கும் தொடங்கின. இத்தனை முறையும் ஓடுதளம் அங்கேயேதான் இருந்தது, கட்டடமும் இருந்தது. மூச்சுப் பிடித்து நிற்கும் நிறுவனம்தான் இல்லை.

“அப்படியானால் நிலையத்தைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும்” என்று சொல்கிறவர்கள் உண்டு. சேலத்தின் ஓடுதளம் சுமார் 1,800 மீட்டர். ஏடிஆர் முழுப் பாரத்தோடு கிளம்ப ஏறத்தாழ 1,300 மீட்டர் போதும். ஏர்பஸ் மாதிரி ஜெட் விமானங்கள் வசதியாக வந்துபோகத்தான் நீளம் கூட வேண்டும். அதற்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஊர்களில் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் பேச்சு 2018இல் எழுந்தபோது விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். சிறிய விமானங்களே மூன்று முறை வந்து நின்றுபோன இடத்தில், ஜெட் வரும் என்ற கணக்கை நம்பி ஒரு குடும்பம் தன் நிலத்தைக் கொடுக்க வேண்டுமா என்பதை அந்த நிலத்தில் நிற்கிறவர்கள் பக்கமிருந்து பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சரி, சின்னசேலத்துக்காரருக்குக் காமலாபுரத்தால் என்ன பயன்? “சேலத்துல ஏறினா ஒரு மணி நேரத்துல மெட்ராஸ்” என்று சொல்லக் கேட்கிறோம். வானத்தில் இருக்கும் நேரம் அவ்வளவுதான், உண்மை. ஆனால் சின்னசேலத்திலிருந்து ஆத்தூர், வாழப்பாடி தாண்டி, சேலத்தைக் கடந்து காமலாபுரம் போவது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பறக்கும் நேரம் ஒரு மணி. மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம். நேராகக் காரில் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் சென்னை போனாலும் கிட்டத்தட்ட அதே நேரந்தான். இரவு ரயிலில் தூங்கிக்கொண்டே எழும்பூர் போய்விடலாம். சென்னைக்குப் போக நம்மூர்க்காரர் மேற்கே நூறு கிலோமீட்டர் போய், பிறகு கிழக்கே பறப்பதில் அர்த்தமே இல்லை.

ஹைதராபாத் என்றால் கதை வேறு. ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு பகலோ ஓர் இரவோ முழுசாகப் போய்விடும். விமானம் ஓடும் நாளில் காமலாபுரம் வழியாகப் போனால் சில மணி நேரத்தில் போய்ச் சேரலாம். கொச்சி விமானம் ஓடும் காலத்தில் கொச்சிக்கும் அப்படியே. வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்குத் திருச்சிதான் இயல்பான வாசல். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதை வைத்துத்தான் எந்த நிலையம் நமக்குப் பக்கம் என்று சொல்ல முடியும். இன்னொன்று, விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும், மாறும். போன பொங்கலுக்குப் போன விமானம் இந்தத் தீபாவளிக்கும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

ஏடிஆர் மாதிரி விசிறி வைத்த விமானத்தைப் பார்த்ததும் பலருக்கு வரும் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். “பழைய மாடல், ஜெட் இல்ல, காத்துல ஆடும்.” விசிறியைச் சுழற்றுவது அதே டர்பைன் எஞ்சின்தான், ஜெட்டில் இருப்பதன் உறவுக்காரன். குறைந்த தூரத்துக்கு எரிபொருள் மிச்சமாகிறது, குட்டை ஓடுதளத்திலும் இறங்குகிறது. அதனால்தான் உலகம் முழுக்கச் சிறிய ஊர்களுக்கு இதையே விடுகிறார்கள். மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம். சேலம்–சென்னை தூரத்துக்கு ஜெட்டோடு ஒப்பிட்டால் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்றில் பறந்து இறங்கும்படி சோதித்த பிறகே இரட்டை எஞ்சின் பயணி விமானங்களுக்குச் சான்று தருகிறார்கள். ஜெட்டைவிடத் தாழ்வாகப் பறப்பதால் மழை மேகத்துக்குள் கொஞ்சம் குலுங்கும். குலுக்கல் ஆபத்தின் அடையாளம் இல்லை, பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் சரி.

ஏறி உட்கார்ந்ததும் வலப்பக்க ஜன்னலில் பாருங்கள். சில நேரம் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், விசிறி மட்டும் அசையாமல் நிற்கும். முதல்முறை பார்க்கிறவர் கோளாறு என்றே நினைப்பார். ஏடிஆரின் வலப்பக்க விசிறிக்கு மட்டும் தனி பிரேக் உண்டு. விசிறியைப் பிடித்து நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டால் நிற்கும்போதே விளக்கும் குளிர்காற்றும் கிடைக்கும். கிளம்பும் நேரத்தில் பிரேக்கை விடுவிப்பார்கள். பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம். பெட்டிகளின் பெரும்பகுதி விமானி அறைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே. கூட்டம் குறைவாக இருந்தால் “கொஞ்சம் அந்த வரிசைக்கு மாறி உட்காருங்க” என்பார்கள். விமானத்தின் எடை சமமாக இருக்கத்தான் அது. முகம் சுளிக்காமல் மாறிவிடுங்கள்.

“பக்கத்தூர்ல இறங்குறப்ப இங்க ஏன் இறங்கல?” என்ற கோபமும் மார்கழிப் பனியில் கேட்கும். பெரிய நிலையங்களில் ஐஎல்எஸ் என்ற கருவி ரேடியோ அலைகளால் விமானத்தை ஓடுதளம் வரை வழிகாட்டிக் கொண்டுவரும். அது இல்லாத சிறிய நிலையத்தில் விமானி இன்னும் தூரத்திலிருந்தே ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். தெரியவில்லை என்றால் திரும்பிப் போவதுதான் அவர் கடமை. கடைசி நிமிடத்தில் போனாலும் ஏற்றிக்கொள்வார்கள் என்று நம்புவதும் தவறு. சோதனை விதிகள் சென்னைக்கும் காமலாபுரத்துக்கும் ஒன்றுதான்; பெட்டி போடும் கவுன்ட்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள்.

கல்வராயன் மலைக்கு விமான நிலையத்தால் வளர்ச்சி வரும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் இருந்து கேரளாவுக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸில்தான் போகிறார்கள். அவர்களுக்கு முதலில் வேண்டியது மழையில் அறுந்துபோகாத மலைச்சாலையும், நேரத்துக்கு வரும் 108 வண்டியும். சின்னசேலம்–கள்ளக்குறிச்சி ரயில் பாதை வெறும் 16 கிலோமீட்டர். அதற்கே பல ஆண்டுகள் காத்துக் கிடந்த மாவட்டம் இது.

கடைசியாக, பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். சேலத்திலிருந்து ஒரு டிக்கெட், பெங்களூருவிலிருந்து துபாய்க்குத் தனியாக இன்னொரு டிக்கெட் என்று வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் நட்டம் உங்களுடையது. ஒரே முன்பதிவில் இரண்டும் இருந்தால் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சிறு ஊர் விமானம் ரத்தானால் ஒன்றும் கிடைக்காது என்று பலரும் பேசாமல் வீடு திரும்பிவிடுகிறார்கள். டிஜிசிஏ விதிப்படி ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். கிளம்ப 24 மணி நேரத்துக்குள்தான் தகவல் சொன்னார்கள் என்றால் இழப்பீடும் உண்டு. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு 5,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. மோசமான வானிலையால் ரத்தானால் இழப்பீடு இல்லை, மாற்று விமானமோ டிக்கெட் பணமோ மட்டும் கிடைக்கும். நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். அது எந்த நேரத்தில் வந்தது என்பதே உங்கள் சான்று. அவர்கள் பதில் சொல்லவில்லை என்றால் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம்.