வெற்றுச் சோதனையில் தோன்றும் முகடுகள்

மருந்திலுள்ள மாசுகளைத் திரவ வண்ணப்பிரிகை முறையில் அளக்குங்கால், மருந்து சேராத வெற்றுக் கரைசலும் சிலபோது முகடு காட்டும். 0.05 சதவீத மாசையும் கணக்கிடும் சோதனையில், இம்முகடு நல்ல மருந்தைக் குறையுடையதாகக் காட்டலாம். மெய்யான மாசை மறைக்கவும் கூடும். ஆதலின் அதன் பிறப்பிடத்தை அறிதல் இன்றியமையாதது.

முதலில், ஒன்றும் செலுத்தாமல் கருவியை ஓட்டுக. முகடு மறைந்தால், குப்பி, கரைப்பான், செலுத்தும் ஊசி ஆகியவற்றை ஆராய்க. மறையாவிடின், அடுத்த ஓட்டத்திற்குமுன் பிரிகைக் குழாயைச் சமநிலைப்படுத்தும் நேரத்தை இருமடங்காக்குக. முகடு வளர்ந்தால், நகரும் நிலைமையின் நீரையோ அதிற் கரைத்த உப்பையோ ஐயுறலாம். அவற்றிலுள்ள கரிம மாசு குழாயின் தலைப்பில் தேங்கி, அசெட்டோநைட்ரைலின் விகிதம் உயரும்போது வெளிப்படுகிறது. புதிய தூயநீரால் இதனைச் சரிபார்க்கலாம். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்க. அன்றேல் காரணம் புலப்படாது.