கோடு வந்தால் நல்லது!
(சிறுநீர்க் கோப்பைப் பரிசோதனை – ஓர் அறிமுகம்)



டிப்ளமோ முடித்து நம்மில் பலர் கம்பெனிக்கும், கப்பலுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போகப் போகிறோம். ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னால் ‘மெடிக்கல்’ என்று ஒன்று உண்டு. கண், காது, ரத்தம், எக்ஸ்ரே இதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். சில இடங்களில் கூடவே ஒரு பிளாஸ்டிக் கோப்பையையும் கொடுப்பார்கள். அதில் சிறுநீர் பிடித்துக் கொடுத்தால், போதைப் பொருள் கலந்திருக்கிறதா என்று சில நிமிடத்தில் அங்கேயே பார்த்துவிடலாம். லேப் வேண்டாம், மெஷின் வேண்டாம். வசதிதான். ஆனால் அந்தக் கோப்பை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று தெரியாதவர் கையில் அது சிக்கினால், ஒரு குற்றமும் செய்யாதவன் வேலையும் போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

1. வந்த வழி

1971-ல் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களிடையே ஹெராயின் பழக்கம் பரவியது. ஊர் திரும்பும் வீரர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம் என்றார்கள். 1975-ல் கோலர், மில்ஸ்டீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரே ரக ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கோப்பைக்கு அதுவே அஸ்திவாரம். 1986-ல் அதிபர் ரீகன், மத்திய அரசு ஊழியர்களிடையே போதைப் பொருள் கூடாது என்று ஆணை போட்டார். 1988-ல் அதற்கான பரிசோதனை விதிகள் வந்தன. நம் நாட்டில் விமானிகளுக்கும், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் இப்படிப்பட்ட சோதனை 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

2. கோப்பையின் அமைப்பு

மூடி, வெப்பநிலை காட்டும் ஒட்டுப்பட்டை, உள்பக்கம் வரிசையாகச் சோதனைப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒவ்வொரு பொருளுக்கு: கஞ்சா, அபின் வகை, கோகெய்ன், ஆம்ஃபெட்டமின் என்று. சிறுநீர் அப்போதே கழித்ததுதானா என்று பார்க்கத்தான் வெப்பநிலைப் பட்டை. அமெரிக்க விதிப்படி 4 நிமிடத்துக்குள் பார்த்தால் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும்.

3. வேலை செய்யும் விதம்

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே கதைதான்! பட்டையின் அடியில் நுண்ணிய தங்கத் துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள் காய்ந்த நிலையில் இருக்கும். தங்கம் அவ்வளவு நுண்ணியதாக இருந்தால் சிவப்பாகத் தெரியும். ஒவ்வொரு ஆன்டிபாடியும் காலி சீட்டுள்ள ஒரு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் ஊறி மேலே ஏறும்போது இவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

வழியில் ‘டி’ என்ற கோடு இருக்கிறது. அங்கே அதே போதைப் பொருளைக் கொஞ்சம் முன்கூட்டியே பதித்து வைத்திருப்பார்கள். சிறுநீரில் போதைப் பொருள் இல்லாவிட்டால் சீட்டு காலி. ஆன்டிபாடி ‘டி’ கோட்டில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். சிவப்புக் கோடு தெரியும். சிறுநீரில் போதைப் பொருள் இருந்தால் அது முதலிலேயே துண்டு போட்டுவிடும். ஆன்டிபாடி ‘டி’யில் நிற்காமல் மேலே போய்விடும். கோடு வராது.

அதற்கும் மேலே ‘சி’ என்ற கோடு. சீட்டு காலியோ, நிறைந்ததோ, எந்த ஆன்டிபாடி வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். பட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஆகவே,

• ‘சி’, ‘டி’ இரண்டும் வந்தால்: அந்தப் பொருள் இல்லை, அல்லது வரம்புக்குக் கீழே.
• ‘சி’ மட்டும் வந்தால்: சந்தேகம். மேல் சோதனை தேவை.
• ‘சி’ வராவிட்டால்: பட்டை செல்லாது. வேறு கோப்பை எடுக்க வேண்டும்.

கோடு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். கர்ப்பம் பார்க்கும் பட்டையிலும், கொரோனா கிட்டிலும் இரண்டு கோடு வந்தால் ‘உண்டு’ என்று அர்த்தம். இங்கே அப்படியே தலைகீழ்! அந்தப் பழக்கத்தில் ஒருவர் இதைப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

4. வரம்பு என்றால் என்ன?

துளி இருந்தாலே கோடு மறையும் என்பது கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அளவு உண்டு. கஞ்சாவுக்குப் பொதுவாக ஒரு மில்லி லிட்டருக்கு 50 நானோகிராம். கணக்குப் போட்டால் 20,000 லிட்டர் டேங்கர் லாரித் தண்ணீரில் 1 கிராம்!

கசகசா கதை தெரியுமா? அபின் செடியின் விதைதான் அது. அதன் மேல் மார்ஃபின் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அமெரிக்காவில் கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களும் மாட்டியதால், 1998-ல் அபின் வகைக்கான வரம்பை 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தினார்கள். பழைய 300 அளவிலேயே வேலை செய்யும் கோப்பைகளும் உண்டு. நம் வீட்டுக் குருமாவிலும் பாயசத்திலும் கசகசா போடுகிறோம் அல்லவா?

மருந்துகளும் அப்படியே. கோடீன் கலந்த இருமல் மருந்தில் இருக்கும் கோடீன் உடம்பில் ஓரளவு மார்ஃபினாகவே மாறும். ஜலதோஷ மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரின், உருவ ஒற்றுமையால் ஆம்ஃபெட்டமின் பட்டையை ஏமாற்றிவிடக்கூடும்.

5. ஒரு சிறு கணக்கு

கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம். 1000 பேர், அதில் 20 பேர் நிஜமாகவே போதைப் பொருள் எடுத்தவர்கள். கோப்பை 100-க்கு 95 தடவை சரியாகச் சொல்கிறது. 20 பேரில் 19 பேரைப் பிடிக்கும். மிச்சம் 980 நிரபராதிகளில் 5 சதவீதம், அதாவது 49 பேரையும் பிடிக்கும். மொத்தம் மாட்டியது 68 பேர். அதில் 49 பேர் ஒன்றும் அறியாதவர்கள்! 95 மார்க் வாங்கும் கோப்பையே இப்படி.

இதனால்தான் கோப்பையின் முடிவை ‘முதல் சல்லடை’ என்கிறோம். சந்தேகம் வந்தால் அதே சிறுநீரை லேபுக்கு அனுப்பி, மூலக்கூறைப் பிரித்து எடைபோடும் ஜி.சி.-எம்.எஸ். போன்ற கருவியில் உறுதி செய்ய வேண்டும். பிறகு மருத்துவர், ஆள் என்ன மருந்து சாப்பிட்டார் என்று விசாரிக்க வேண்டும். அமெரிக்காவில் லாரி டிரைவர்களுக்கும் விமானிகளுக்கும் போக்குவரத்துத் துறை விதிப்படி நடக்கும் சோதனையில் இந்த உடனடிக் கோப்பையை ஏற்பதே இல்லை. லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இன்னொன்று. ஊதிப் பார்க்கும் கருவி மாதிரி ‘இப்போது போதையில் இருக்கிறான்’ என்று இது சொல்லாது. தொடர்ந்து கஞ்சா பிடித்தவர் நிறுத்தி ஒரு மாதம் ஆனாலும் சிலருக்குத் தெரியும்.

6. நாம் செய்ய வேண்டியவை

• சோதனைக்கு முன்பே, சாப்பிடும் மருந்துகளை எழுதிக் கொடுங்கள். டாக்டர் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.
• உறையில் காலாவதி தேதி, பார்க்க வேண்டிய நேரம் இரண்டையும் கவனியுங்கள். நேரம் கடந்து பார்க்கும் கோடு செல்லாது.
• கோப்பையில் பெயர் எழுதி, உங்கள் கண்ணெதிரே சீல் வைக்கச் சொல்லுங்கள்.
• ‘சந்தேகம்’ என்றால் பதறாதீர்கள். “சார், லேபில் உறுதிச் சோதனை செய்யுங்கள்” என்று மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

நாளை நம்மில் ஒருவர் சேஃப்டி சூப்பர்வைசராகி, கோப்பையைப் பிடிக்கும் பக்கத்திலும் நிற்கலாம். அப்போதும் இதே பாடம்தான். போதையோடு ஒருவன் கிரேன் ஏறினால் கீழே நிற்பவன் உயிர் போகும். அதைத் தடுக்கத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் கோடு வரவில்லை என்பதற்காக அன்றைக்கே ஒருவனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். என் ஒருவன் சம்பளத்தை நம்பி எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். அந்த முடிவு வரும்வரை அவனைக் கிரேனிலிருந்து இறக்கி வையுங்கள், வேலையிலிருந்து இறக்கிவிடாதீர்கள்.



– இரண்டாம் ஆண்டு மாணவன், கெமிக்கல் பிரிவு