கரி சோதிக்கப் போகும் தாயிக்கு

ஆலங்குடி,
புதுக்கோட்டை மாவட்டம்.

என் தாயி,

தூத்துக்குடியில் நிலக்கரி சோதிக்கிற லேப்பில் உனக்கு வேலை கிடைத்ததை உன் அப்பத்தா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் உன் அவசரத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது. சோற்றில் பாதியை வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறவள் நீ. போகிற இடமோ அவசரம் ஆகாத இடம்.

மண்டியில் கடலை மூட்டையை இறக்கும்போது பார்த்திருப்பாய். ஒரு பிடி அள்ளி உடைத்து, பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். எந்த மூட்டையில், எந்த ஆழத்தில் கை விட்டார்கள் என்பதில்தான் சம்சாரியின் பிழைப்பே இருக்கிறது. கப்பல் கப்பலாக வரும் கரிக்கும் அதே கதைதான். ஒரு கிலோ எரிந்தால் எத்தனை கிலோகலோரி சூடு என்று நீ எழுதப்போகும் எண்தான் கோடிக்கணக்கான பணத்தைத் தீர்மானிக்கும்.

2024 மே மாதம் லண்டன் பத்திரிகை ஃபைனான்ஷியல் டைம்ஸ் ஒரு கப்பலைப் பற்றி எழுதியது. 2014 ஜனவரியில் இந்தோனேசியக் கரியோடு தமிழ்நாட்டுக்கு வந்த கப்பல். அங்கே ஏற்றும்போது 3,500 கிலோகலோரி ரகம், ஏற்றுமதித் தாளில் டன் 28 டாலர். அதானி குழுமத்திடமிருந்து நம் மின்வாரியத்துக்கு வந்தபோது 6,000 கிலோகலோரி, 91 டாலருக்கு மேல் என்றது அந்தச் செய்தி. அதானி குழுமம் மறுத்தது. ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் பல அமைப்புகள் சோதித்த கரி என்றது. 2012 முதல் 2016 வரை வாங்கிய கரியில் 6,066 கோடி ரூபாய் இழப்பு என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் முன்பே புகார் கொடுத்திருந்தது. டெல்லியில் ராகுல் காந்தி கேள்வி எழுப்பினார். இங்கே அது அ.தி.மு.க. ஆட்சிக் கால விவகாரம். 2021 ஆகஸ்டில் இன்னொன்று: வடசென்னை அனல் மின் நிலையத்தில் கணக்கில் உள்ள 2.38 லட்சம் டன் கரி இருப்பில் இல்லை என்றார் அன்றைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி. அவருக்கு முன் அந்தத் துறையைப் பார்த்த அ.தி.மு.க. அமைச்சர் தங்கமணி பதில் சொன்னார்.

யார் சொல்வது சரி என்று நீதிமன்றம் பார்க்கட்டும். நான் கேட்பது வேறு. இவர்கள் மேடையேறும் முன்பே ஒரு தாளில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு அந்த இடத்தில் உட்காரப் போகிறவள் நீ.

6,000 என்று நம்பி வாங்கிய கரி 3,500ஆக இருந்தால், ஒரு டன் தரவேண்டிய சூட்டுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன் எரிக்க வேண்டும். கடன் வாரியத்துக்கு, கட்டணம் சனங்களுக்கு, புகை அனல் மின் நிலையத்தை ஒட்டி வாழும் எண்ணூர்க்காரர்களுக்கு. 2012-ல் நீ சின்னப்பிள்ளை. மும்முனை மின்சாரம் நடுராத்திரியில்தான் வரும். டார்ச்சும் கம்புமாக போர் மோட்டாருக்கு நடப்பேன். நான் திரும்பும்வரை அப்பத்தா வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். மின்சாரம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்த ராத்திரிகள்தான்.

அதனால் சொல்கிறேன், கேள். உன் 1-ம் 7-ம் ஒன்றுபோலவே இருக்கும். ஐந்தாம் வகுப்பிலிருந்து சொல்லி வருகிறேன், இனியாவது 7-க்குக் குறுக்கே ஒரு கோடு போடு. அளந்ததை அளந்த கையோடு பேனாவால் பதிவேட்டில் எழுது. துண்டுச் சீட்டில் குறித்துவைத்துச் சாயங்காலம் ஏற்றாதே. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு கிழித்துப் பக்கத்தில் கையெழுத்திடு, மையை மேலே பூசி மறைக்காதே. மாதிரி டப்பாவின் மூடியை உடனே இறுக்கு. ஈரம் காய்ந்த கரி கூடுதல் சூடு காட்டும் என்று வேதியியல் படித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விற்பவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, தகராறு வந்தால் பிரிக்க ஒன்று என்று மாதிரியைப் பங்கிட்டு முத்திரை வைப்பார்களாம். அந்த மூன்றாவது டப்பாவின் முத்திரை எண்ணை நீயே படித்துப் பார்த்து எழுது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், எவ்வளவு பெரியவர் கேட்டாலும், "நிரப்பிக் கொடுங்கள், போடுகிறேன்" என்று பணிவாகச் சொல். கோபப்படாதே, உனக்கு மூக்குக்கு மேல் வரும்.

தீபாவளிக்கு வந்தால் திண்ணையில் சித்தப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சியாக இருந்துகொண்டு உன்னிடம் கதை பிடுங்கப் பார்ப்பார்கள். சிரித்துவிட்டு அதிரசம் எடுத்துக்கொள். லேப்பில் பார்த்ததைக் கேட்க உரிமை உள்ளவர் கேட்டால் மட்டும் பதிவேட்டோடு சொல்.

முதல் சம்பளத்தில் எனக்கு வேட்டி எடுக்கிறேன் என்றாயாமே. வேண்டாம், தாயி. நொடி முள் தெளிவாகத் தெரிகிற ஒரு கைக்கடிகாரம் வாங்கிக்கொள். பதிவேட்டில் நேரம் எழுதவேண்டி வரும். அதற்காக நீ ஒவ்வொரு தடவையும் போனை எடுத்தால், அப்புறம் அதிலேயே உட்கார்ந்துவிடுவாய்.

அன்புடன்,
உன் ஐயா