டொக் பட்டையின் மறைகட்டளைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மக் கணினித் திரையின் அடியில் செயலிகளின் சின்னங்களை வரிசையாகக் காட்டும் பட்டை டொக் எனப்படும். நெக்ஸ்ட் நிறுவனக் கணினிகளில் முதலில் இடம்பெற்ற இது, 2001 இல் வெளியான மக் ஓஎஸ் எக்ஸ் மூலம் அப்பிள் பயனர்களை வந்தடைந்தது. அமைவுப் பக்கத்தில் காட்டப்படாத இதன் சில தெரிவுகளை, கட்டளைகளைத் தட்டெழுதும் சாளரமாகிய டேர்மினலில் 'டிஃபோல்ட்ஸ்' கட்டளையைக் கொண்டு மாற்றலாம். வெள்ளவத்தையில் அழைப்பிதழ் வடிவமைக்கும் கடையாயினும் கொட்டாஞ்சேனை அச்சகமாயினும், ஒரே கணினியில் பலர் வேலை செய்யும் இடங்களில் இக்கட்டளைகளைச் சரியாக அறிந்திருப்பது அவசியம்.

நம்பிக்கை: மறைகட்டளை இயங்குதளத்தையே மாற்றிவிடும்.
உண்மை: அக்கட்டளை பயனரின் சொந்த விருப்பக் கோப்பில் ஒரு மதிப்பை எழுதுகிறதேயன்றி இயங்குதளத்தைத் தொடுவதில்லை, 2019 இல் வந்த கட்டலீனா பதிப்பு முதல் இயங்குதளக் கோப்புகள் வாசிக்க மட்டுமே இயலும் தனிப் பகுதியில் வைக்கப்பட்டுள்ளன. மாற்றம் அந்தப் பயனர் கணக்குக்கே உரியதாகையால், கடையில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருந்தால் ஒருவரின் டொக் மற்றவரைப் பாதிக்காது.

நம்பிக்கை: அமைவை மாற்றியபின் இறுதியில் இடும் 'கில்ஓல்' கட்டளை திறந்திருக்கும் வேலைகளையெல்லாம் மூடிவிடும்.
உண்மை: பெயர் அச்சுறுத்தினாலும், அது தன்னுடன் குறிப்பிடப்பட்ட செயலியை மட்டுமே நிறுத்துகிறது, டொக் நிறுத்தப்பட்டதும் கணினி அதைத் தானே மீண்டும் தொடக்கி வைக்க, புதிய அமைவு நடைமுறைக்கு வருகிறது. சேமிக்கப்படாத ஆவணம் திறந்தபடியே இருக்கும்.

நம்பிக்கை: மறைகட்டளைகளால் கணினியின் வேகம் கூடும்.
உண்மை: மறைந்திருக்கும் டொக் வெளிப்படுவதற்கான தாமதத்தைப் பூச்சியமாக்கினால் காத்திருப்பு மறைகிறதேயொழிய, செயலியொன்று திறக்க எடுக்கும் நேரம் குறைவதில்லை. இயங்கும் செயலிகளை மட்டும் காட்டும் அமைவும், சின்னங்களுக்கிடையே வெற்றிடம் சேர்க்கும் அமைவும் பார்வைக்கு ஒழுங்கைத் தருவன. அதுவே அவற்றின் பயன்.

நம்பிக்கை: ஒருமுறை கண்டறிந்த கட்டளை என்றும் பலிக்கும்.
உண்மை: 2007 இல் லெப்பர்ட் பதிப்பு கண்ணாடித் தளம் போன்ற டொக்கைக் கொண்டுவந்தபோது அதைத் தட்டையாக்கப் பலர் கையாண்ட கட்டளை, 2014 இல் யொசெமிட்டி டொக்கையே தட்டையாக்கியதும் பயனற்றுப்போனது. மேலும், அமைவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் 'டிஃபோல்ட்ஸ்' அதை மறுக்காமல் எழுதிக்கொள்ளும். டொக் அதைப் பொருட்படுத்தாது.

ஆகவே, ஒரு கட்டளையை ஒட்டுமுன் அது எந்தச் செயலியின் எந்த அமைவைத் தொடுகிறது என்று வாசித்து, பழைய மதிப்பைக் குறித்துவைக்க வேண்டும். மாற்றிய அமைவை மட்டும் நீக்கினால் அதன் இயல்புநிலை மதிப்பு திரும்பும். டொக்கின் விருப்பக் கோப்பு முழுவதையும் அழித்தால் பயனர் அடுக்கிவைத்த சின்ன வரிசையும் போய்விடும். இம்மாற்றங்கள் எதற்கும் நிர்வாகியின் கடவுச்சொல் தேவையில்லை. டொக்கை மாற்றுவதாகச் சொல்லும் கட்டளையொன்று அதைக் கேட்குமாயின், அங்கேயே நிறுத்திவிடுவதே முறை.